‘ஊருக்கு ஒரு டிக்கெட்’ என்றால் நடத்துநர் எங்கே இறக்குவார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரை சிம்மக்கல்லில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து, மாசி வீதிகளின் மொத்த வியாபாரிகளுக்கும் சுற்றுவட்டாரச் சங்கங்களுக்கும் கணினியில் கணக்கு நிரல் (சாஃப்ட்வேர்) எழுதிக்கொடுத்துப் பிழைப்பவன். நிரலின் உள்விவகாரம் ஒன்றை வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தில், இந்த உள்விவகாரத்தால் மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சேரவேண்டிய பட்டுவாடா ஒன்பது நாள் தள்ளிப்போனது. காரணம் நிரலில் இருந்த ஒரே ஒரு வரி. கணக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டதால் கடைகளிலும் அலுவலகங்களிலும் சங்கங்களிலும் பழைய கணினியை மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிற இந்த நேரத்தில், அந்த வரியைப் பற்றிப் பொதுவில் பேசுவது நல்லது என்று நினைக்கிறேன்.

அந்த நிரலை நான் எழுதவில்லை. வெளியூர் நிறுவனம் ஒன்று எழுதியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அதே இனத் தவற்றை நானும் செய்திருக்கிறேன், அதையும் பின்னால் சொல்கிறேன். காலையிலும் மாலையிலும் உறுப்பினர்கள் ஊற்றும் பாலின் அளவையும் கொழுப்பையும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவையும் பதிந்து, விலை போட்டு, பட்டுவாடாப் பட்டியல் எடுப்பது அந்த நிரலின் வேலை. பழைய கணினியில் கணக்கு இருந்த இடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ‘சி:\யூசர்ஸ்\அட்மின்\பால்கணக்கு’ என்று வரும். இந்த முகவரி அப்படியே, எழுத்துக்கு எழுத்து, நிரலுக்குள் பொறிக்கப்பட்டிருந்தது. புதிய கணினியில் அட்மின் என்று ஒரு பயனர் இல்லை. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து விண்டோஸில் நுழைந்ததால், அந்த முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளையே விண்டோஸ் பயனர் கோப்புறைக்குப் பெயராக வைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அதன் வழக்கம் அதுதான். நிரல், இல்லாத அட்மினின் வீட்டைத் தேடிப் போய்க் கதவு இல்லை என்று நின்றுவிட்டது.

தொலைபேசியில் முறையிட்டதும் நிறுவனம் இரண்டே நாளில் திருத்திய பதிப்பை அனுப்பிவைத்தது. இந்த முறை நிரல் மளமளவென்று திறந்தது, பதிந்தது, பட்டியலும் எடுத்தது. பதினோரு நாள் கழித்துப் பட்டுவாடாப் பட்டியலைப் பார்த்த உறுப்பினர்கள், தாங்கள் ஊற்றிய பாலில் பாதிதான் கணக்கில் வந்திருக்கிறது என்று சங்கத்து வாசலில் கூடிவிட்டார்கள். பால் அளவு எழுதும் பெண் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான்: “அண்ணே, காலைல போட்ட கணக்கு சாயங்காலம் இருக்க மாட்டேங்குது, சாயங்காலம் போட்டது மறுநா காலைல இருக்க மாட்டேங்குது. ஆனா மறுபடி சாயங்காலம் தொறந்தா நேத்து சாயங்காலத்துது வந்து நிக்குதுண்ணே.” கணக்கு அழியவில்லை, இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்பதை அவருடைய அந்த ஒரு வாக்கியமே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குள் ஊரில் சிலர் செயலாளர்மேல் கை நீட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

நேரில் போய்ப் பார்த்தேன். கணினித் திரையின் முகப்பில், குப்பைத்தொட்டிப் படத்துக்குக் கீழே, ‘%ஆப்டேட்டா%’ என்ற பெயரில் ஒரு கோப்புறை உட்கார்ந்திருந்தது. பெயரின் முன்னும் பின்னும் சதவீதக் குறி. ஏதோ விண்டோஸ் தனக்காக வைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று யாரும் அதைத் தொடவில்லை. திறந்தால் உள்ளே பால்கணக்கு, அதற்குள் பதினோரு நாள் மாலைப் பதிவுகள். டி டிரைவில் நிரல் நிறுவப்பட்டிருந்த கோப்புறைக்குள் போனால், அங்கேயும் அதே பெயரில் இன்னொன்று. அதில் பதினோரு நாள் காலைப் பதிவுகள். காலையில் அந்தப் பெண் நிரலின் சின்னத்தை (ஐகான்) சொடுக்கித் திறப்பார். மாலையில் வருபவர், பால் பரிசோதனைக் கருவியை முதலில் இணைத்துவிட்டு நிரலைத் திறக்கும் பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) ஒன்றைத் திரையின் முகப்பிலிருந்தே இயக்குவார். எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு நிரல் தொடங்கப்பட்டதோ, அந்தக் கோப்புறையிலேயே ஒரு ‘%ஆப்டேட்டா%’ முளைத்துவிட்டது.

நடந்தது என்ன என்பதற்கு வருகிறேன். சதவீதக் குறிகளுக்கு இடையில் எழுதும் ‘ஆப்டேட்டா’ போன்ற சொல்லைக் கணினித் தமிழில் சூழல் மாறி என்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் என்விரான்மென்ட் வேரியபிள் என்றே சொல்வோம். பெயர் மிரட்டினாலும் பொருள் நமக்குப் பழகியதுதான். தீபாவளிக்கு முதல் நாள் மாட்டுத்தாவணியில் மூட்டை முடிச்சோடு நிற்கிறவர்களை எங்கே என்று கேட்டால், எல்லோரும் “ஊருக்கு” என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். ஒருவருக்கு ஊர் என்பது மேலூர், ஒருவருக்கு நத்தம், இன்னொருவருக்குப் பரமக்குடி. விண்டோஸில் ‘யூசர்ப்ரொஃபைல்’, ‘ஆப்டேட்டா’ என்பவையும், லினக்ஸில் ‘ஹோம்’ என்பதும் இந்த ‘ஊர்’ போன்ற சொற்கள். யார் கணினியில் நுழைந்திருக்கிறாரோ அவருக்கு உரிய இடத்தைக் குறிப்பவை. நிரலில் அட்மின் என்று எழுதாமல் இப்படி ஒரு சொல்லைக் கொண்டு எழுதினால் எந்தக் கணினிக்குப் போனாலும் வழி தவறாது. நிறுவனம் செய்ய நினைத்தது சரியான காரியமே.

ஆனால் ‘ஊர்’ என்ற சொல்லை யாரிடம் சொல்கிறோம் என்பது முக்கியம். வீட்டில் அம்மாவிடம் “ஊருக்குப் போயிட்டு வர்றேன்” என்றால் அவருக்கு விளங்கும். பேருந்து நடத்துநரிடம் “ஊருக்கு ஒரு டிக்கெட்” என்றால், அவர் ஏற இறங்கப் பார்த்து “எந்த ஊருப்பா?” என்பார். விண்டோஸின் ரன் பெட்டியும் கட்டளைச் சாளரமும் அம்மாவைப் போன்றவை. அங்கே சதவீதக் குறிகளுக்கு இடையில் ஆப்டேட்டா என்று தட்டினால், அவை அந்தச் சொல்லை விரித்து, உரிய கோப்புறையைத் திறந்து காட்டும். நிரலாளர் அதைத் தட்டிப் பார்த்திருக்கிறார், திறந்திருக்கிறது, அதே எழுத்துகளை மேற்கோள் குறிக்குள் போட்டு நிரலில் ஒட்டிவிட்டார். ஆனால் நிரலுக்குள்ளிருந்து கோப்பைத் திறக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) நடத்துநர் இனம். அதற்குச் சதவீதக் குறி என்பது பெயரில் வரும் இன்னோர் எழுத்து, அவ்வளவுதான். விண்டோஸில் கோப்புறைப் பெயரில் சதவீதக் குறி வரத் தடையும் இல்லை. இந்த நடத்துநரிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: எந்த ஊர் என்று கேட்கமாட்டார். நிரல் ‘கோப்புறை இல்லையென்றால் உண்டாக்கு’ என்று சொல்லி வைத்திருந்ததால், ‘ஊர்’ என்ற பெயரிலேயே ஒரு நிறுத்தத்தை வழியில் உண்டாக்கி, ஆளை அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நிரலாளரின் கணினியிலும் இதே நடந்திருக்கும். எழுதியதையே திரும்பப் படித்ததால் அவருக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

சரியான வழி கடினமானது இல்லை. சொல்லை விரித்துத் தரும்படி நிரலே முதலில் கேட்கவேண்டும். கிடைத்த இடத்தை வைத்துத்தான் கோப்பைத் திறக்கவேண்டும். சி மொழியில் ‘கெட்என்வ்’ என்ற செயற்கூறு, ஜாவாவில் அதே பெயரில் சிஸ்டம் வகுப்புக்குள் ஒன்று, பைத்தானில் ‘ஓஎஸ்’ தொகுதியின் ‘என்விரான்’ என்ற அகராதியும் முழுப் பாதையையும் (கோப்பின் முகவரியை) விரித்துத் தரும் ‘எக்ஸ்பாண்ட்வார்ஸ்’ என்பதும், விண்டோஸிலேயே ‘எக்ஸ்பாண்ட்என்விரான்மென்ட்ஸ்டிரிங்ஸ்’ என்பதும் இதற்காகவே இருக்கின்றன. ஒரு வரி கூடுதல். லினக்ஸில் வீட்டைக் குறிக்கும் அலைக்குறிக்கும் (~) இதே விதிதான்; அதை விரிப்பது ஷெல் என்ற, கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல், கோப்பைத் திறக்கும் செயற்கூறு இல்லை. இதெல்லாம் நேற்று வந்த புதுமையும் கிடையாது. சூழல் மாறி பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 1979இல் வந்தது, எம்.எஸ்.-டாஸ் 2.0 வழியாக 1983இல் மேசைக் கணினிக்கும் வந்துவிட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் பழகிய ஒன்றில் இன்றும் கணக்கு பிரிந்து கிடக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சங்கத்தின் கதை அதோடு முடியவில்லை. இரண்டு கணக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நிறுவனமும் நான் சொன்னபடி சொல்லை விரித்துப் பயன்படுத்தும் பதிப்பை அனுப்பியது. மறுநாளே செயலாளர் அழைத்தார். அவர் தம்முடைய பயனர் பெயரில் நுழைந்து திறந்தால் கணக்கு வெறுமையாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரில் நுழைந்தால் முழுமையாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இது பிழையே இல்லை, கேட்டதைக் கணினி ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஆப்டேட்டா என்பது தனிநபரின் ஊர். செயலாளருக்கு அது ஓர் இடம், எழுத்தருக்கு வேறோர் இடம். சங்கத்துக் கணக்கு ஒருவருடைய வீட்டில் இருக்கக்கூடாது, ஊர்ச் சாவடியில் இருக்கவேண்டும். விண்டோஸில் அந்தச் சாவடிக்கு ‘ப்ரோக்ராம்டேட்டா’ என்று பெயர். அது அந்தக் கணினிக்கே பொது. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பயனர் உண்டாக்கிய கோப்பை இன்னொரு சாதாரணப் பயனர் படிக்கலாமே தவிர, இயல்பாக மாற்றி எழுதமுடியாது. நிறுவும்போதே அந்தக் கோப்புறைக்கு எழுதும் உரிமையைக் கொடுத்துவைக்கவேண்டும். எந்த மாறியைப் பயன்படுத்துவது என்ற கேள்வி, இந்தக் கணக்கு யாருடையது என்ற கேள்விதான். அதை நிறுவனத்தின் இளைஞர் தம் மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கமுடியாது, சங்கத்தில் யார் யார் எந்த நேரத்தில் உட்காருகிறார்கள் என்று ஒரு நாள் வந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி என்னுடைய தவறு. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடைக்குச் சி++ மொழியில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பாதையை நிரலுக்குள் பொறிக்கவில்லை, யூசர்ப்ரொஃபைல் மாறியைக் கெட்என்வ் கொண்டு முறைப்படி கேட்டுத்தான் வாங்கினேன். பல ஆண்டு ஓடியது. புதுக் கணினி வாங்கியபோது கடைக்காரரின் மகன், பயனர் பெயர் என்ற கட்டத்தில் தம் தாத்தாவின் பெயரை அழகாகத் தமிழில் தட்டிவிட்டார். விண்டோஸும் ஏற்றுக்கொண்டு, யூசர்ஸ் கோப்புறைக்குள் தமிழ்ப் பெயரிலேயே ஒரு வீட்டைக் கட்டிவிட்டது. என் நிரல் திறக்க மறுத்தது. மாறியில் என்ன வருகிறது என்று திரையில் அச்சிட்டுப் பார்த்தேன்: ‘சி:\யூசர்ஸ்\???????’. தாத்தாவின் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாக நின்றது.

காரணம் இது. விண்டோஸில் கெட்என்வ் செயற்கூறுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பழைய வடிவம், கணினியின் பிராந்திய அமைப்புக்கு உரிய பழைய எழுத்து அட்டவணைக்கு மாற்றித் தரும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஓர் அட்டவணையே கிடையாது. தமிழ் அங்கே ஒருங்குறியாக (யூனிகோட்) மட்டுமே வாழ்கிறது. அட்டவணையில் இல்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி விழும். கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. ஒருங்குறியிலேயே தரும் இரண்டாவது வடிவமான அகன்ற எழுத்து வடிவத்தில் கேட்டிருந்தால் தாத்தா பெயர் முழுசாக வந்திருக்கும். பைத்தான் 3 அந்த வடிவத்தில்தான் கேட்கிறது, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. 2010இல் தமிழ்நாடு அரசே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. நானோ தமிழன், தமிழில் பில் அடிக்கும் நிரலை எழுதியவன். தமிழில் ஒருவர் தம் பெயரை எழுதிக்கொள்வார் என்று நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். கடைக்காரர், “பேரை இங்கிலீஷ்ல மாத்திரலாமா தம்பி?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து நிரலைத்தான் மாற்றினேன். பயனர் பெயரைப் பிறகு மாற்றினாலும் கோப்புறைப் பெயர் பழையபடியே இருக்கும் என்பது வேறு விஷயம்.

கேட்ட மாறியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்து பெரிய சேதங்கள் நடந்த இடம் அதுதான். மொழிக்கு மொழி பதில் மாறுகிறது. பைத்தானில் அகராதியிலிருந்து நேரே எடுத்தால் பிழை சொல்லி நிற்கும், அது நல்லது. எக்ஸ்பாண்ட்வார்ஸ் கொண்டு விரித்தால், தெரியாத மாறியைத் தொடாமல் சதவீதக் குறியோடு அப்படியே திருப்பித் தரும். பால் சங்கத்தின் கதை மறுபடி நடக்கும். ஜாவாவில் ‘நல்’ என்ற வெற்று மதிப்பு வரும். அதோடு பாதையின் மிச்சத்தை ஒட்டினால் ‘நல்’ என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை உண்டாகும். ஷெல் நிரல்களில் வெற்றெழுத்தாக விரியும், இதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இப்படித்தான் ஆனது. ‘இந்த மாறி காட்டும் இடத்துக்குக் கீழே உள்ளதையெல்லாம் அழி’ என்று ஒரு வரி. மாறி வெறுமையாக இருந்ததால் அது ‘கணினியின் வேரிலிருந்து உள்ளதையெல்லாம் அழி’ என்று ஆகி, பயனருக்கு உரிமையுள்ள கோப்புகளை இணைத்திருந்த வெளி வட்டு உட்படத் துடைத்துவிட்டது. மாறி வெறுமையாக இல்லையே என்று ஒரு வரியில் சோதித்திருந்தால் தப்பியிருக்கும்.

பயிற்சிக்காக என்னிடம் வரும் கல்லூரி மாணவர்களையும் இங்கே சொல்லவேண்டும். பள்ளியிலேயே பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று படித்துவிட்டு வருகிறார்கள். இலக்கணம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் கோப்பு என்றால் கை தானாக சி டிரைவில் தொடங்கித் தம் பெயர் வரை எழுதிவிடுகிறது. போன ஆண்டு வந்த ஒரு மாணவி, ஊர்வாரியாக விற்பனையைப் பிரிக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். கோப்புறைப் பெயர்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஊர்ப் பெயர்களே. மதுரையும் மேலூரும் ஒழுங்காகத் திறக்கின்றன, தேனியும் நத்தமும் திறக்கமாட்டேன் என்கின்றன, உசிலம்பட்டியைச் சேர்த்தால் நிரலே ஓடமாட்டேன் என்கிறது. அரைநாள் போராடிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். பாதையில் வரும் பின்சாய்வுக் கோட்டை (\) அடுத்து ஆங்கில ‘டி’ வந்தால் பைத்தான் அதைத் தாவல் வெளியாகவும் (டேப்), ‘என்’ வந்தால் புதுவரியாகவும் படிக்கும்; ‘யு’ வந்தால் ஒருங்குறி எண் ஒன்று அடுத்து வரவேண்டும் என்று எதிர்பார்த்து, வராததால் பிழை சொல்லும். ‘எம்’ எழுத்துக்கு அப்படிப் பொருள் ஏதும் இல்லாததால் மதுரையும் மேலூரும் தப்பித்தன. மேற்கோளுக்கு முன்னால் ‘ஆர்’ எழுத்தைப் போடுவதும், கோட்டை இரட்டிப்பதும் உடனடி வைத்தியம். இடத்தைச் சூழல் மாறியிலிருந்து வாங்கி, பாதையை இணைக்கும் செயற்கூறு கொண்டு சேர்த்திருந்தால் இந்த வைத்தியமே வேண்டியிருக்காது. வெளியிலிருந்து வரும் மதிப்பைப் பைத்தான் இப்படிப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. அதே நிரல் லினக்ஸிலும் ஓடும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நிரல் தொடங்கும்போது, அதைத் தொடங்கிவைத்த நிரலிடமிருந்து மாறிகளின் நகல் ஒன்றைப் பெறுகிறது. சீர்வரிசை போல, புறப்படும்போது கொடுத்தது கொடுத்ததுதான். அதனால் மாறியைத் திருத்திய பிறகு, ஏற்கெனவே திறந்திருக்கும் நிரலில் மாற்றம் தெரியாது, மூடித் திறக்கவேண்டும். இரவில் தானாக ஓடும்படி அட்டவணையிட்ட வேலைகள் கணினியின் சொந்தப் பயனர் கணக்கில் ஓடினால், அவற்றின் ‘ஊர்’ விண்டோஸ் கோப்புறைக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். சோழவந்தான் பக்கம் ஓர் அரிசி ஆலையில், நகல் எடுத்தாயிற்று என்று ஒவ்வோர் இரவும் நேரம் தவறாமல் எழுதிவந்த நிரல், மாதக்கணக்கில் வெறும் கோப்புறையை நகல் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். யூசர்ப்ரொஃபைலுக்குப் பின்னால் ‘டாக்குமென்ட்ஸ்’ என்று நாமாகவே ஒட்டிக்கொள்வதும் நம்பத்தக்கதில்லை. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இயங்கினால் அந்தக் கோப்புறை இடம் பெயர்ந்திருக்கலாம். அதற்கென்று தனியாகக் கேட்டு வாங்கும் வழியை விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் வைத்திருக்கிறது.

நிரலை விலைகொடுத்து வாங்கும் சங்கங்களுக்கும் அலுவலகங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. நிரலை ஏற்றுக்கொள்வதற்கு முன், நிறுவனத்தின் ஆள் எதிரிலேயே, அந்தக் கணினியில் புதிதாக இரண்டு பயனர்களை உண்டாக்கச் சொல்லுங்கள், ஒருவர் பெயர் தமிழில் இருக்கட்டும். ஒருவர் பெயரில் பதிந்த கணக்கு மற்றவர் நுழைந்தாலும் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு நிரலைத் திரையின் முகப்பிலிருந்து ஒரு முறையும், வேறொரு கோப்புறையிலிருந்து பேட்ச் கோப்பு வழியாக ஒரு முறையும் திறந்து அதே கணக்கு வருகிறதா என்று பாருங்கள். கால் மணி நேர வேலைதான், கணினிப் படிப்பும் தேவையில்லை. இன்னொன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம்: கணக்கு இருக்கும் முழு முகவரியையும் நிரலின் முதல் திரையில் காட்டவேண்டும், கணக்குக் கோப்பு கிடைக்காவிட்டால் அதைச் சொல்லி நிற்கவேண்டுமே தவிர, கேட்காமல் புதுக் கணக்கைத் தொடங்கக்கூடாது. மௌனமாகப் புதுக் கணக்கைத் தொடங்கும் நிரலை நான் பழுதான நிரல் என்று சொல்லமாட்டேன், ஆபத்தான நிரல் என்று சொல்வேன். பழுதாகி நின்றிருந்தால் அந்தப் பெண் முதல் நாளே தொலைபேசியை எடுத்திருப்பார்.

ஏற்கெனவே இப்படி நிரல் வைத்திருப்பவர்கள், கணினியை மாற்றுவதற்கு முன் பெயரில் சதவீதக் குறி உள்ள கோப்புறை ஏதும் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். ‘%ஆப்டேட்டா%’, ‘%டெம்ப்%’ போன்ற பெயரில் கோப்புறை ஏதும் அகப்பட்டால் அழித்துவிடாதீர்கள், உங்கள் கணக்கு அதற்குள் இருக்கலாம். ‘நல்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை கிடைத்தாலும் அப்படியே. அதைத் தனியாக ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு நிரல் தந்தவரைக் கூப்பிடுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துச் சங்கத்தில் இப்போது கணக்கு பொதுக் கோப்புறையில் இருக்கிறது. அதன் முகவரியும் திரையின் மேல் ஓரத்தில் தெரிகிறது. பிரிந்து கிடந்த பதினோரு நாளும் உறுப்பினர் ஒவ்வொருவரின் பால் அட்டையோடு ஒத்துப்பார்த்துச் சேர்க்கப்பட்டன, பட்டுவாடாவும் முடிந்தது. அதே நிரலை வைத்திருக்கும் இன்னும் இரண்டு சங்கங்களுக்கு அடுத்த மாதம் புதிய கணினி வருகிறது. அங்கே பழைய பதிப்புதான் இன்னமும் ஓடுகிறது; நிரலை மாற்றித் தரும்படி அந்நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
சிம்மக்கல், மதுரை.